அடியாது பழக்கும் முறை

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மவருள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் இழிந்த வழக்கத்தை விடாது என்னும் கருத்துடைய மற்றொரு பழமொழியும் உண்டு. அடித்தால் எவ்வுயிரும் திருந்தும் என்கின்றது முன்னது. எது செய்யினும் நாய் திருந்தாது என்கின்றது பின்னது. இவ்விரண்டும் தம்முள் முரணுவன. எனினும், நாயொன்று வீட்டினுள் சிறுநீர் விட்டவிடத்து, கோலை எடுக்கும்போது முன்னதையும், கோல் பயனற்றுப் போனபின் பின்னதையும் ஒருவரே கூறக் கேட்கின்றோம். தெருவினின்றோ, முன்னையோர் கைவிட்ட நிலையினின்றோ எடுத்து வளர்க்கப்படும், வயது முதிர்ந்த சிறு நாயொன்றை, வீட்டினுள் மலசலங் கழியாதபடி அடியின்றிப் பழக்குவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

விஷயம் மிகச் சிறிது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயின், அந்த நாயைப் பொறுத்தவரை இதனினும் பெரிய விஷயம் இல்லை. இரக்கத்தினால் எடுத்துவரப்பட்ட நாய் முதல் வாரத்திலேயே பாயையும் தலையணையையும் நனைத்துவிடுமாயின், வீட்டாரின் இரக்கம் குறைகின்றது. ஏச்சும் அடியும் பிறக்கின்றன. இறுதியில் அது மீண்டும் தெருவில் விடப்படுகின்றது. ஒருமுறை கைவிடப்பட்டது இருமுறை கைவிடப்படுகின்றது. வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பிராணி, மீண்டும் தெருவில் இரைதேடிப் பிழைப்பது அரிது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலாடி போன்ற ஊர்களில் இத்தொல்லை பின்னும் பெரிதாகத் தோன்றும். இது தண்ணீர் அருமையான சீமை. குடிநீரைக் குடங்குடமாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொணர்வோர் பலர். அத்தகைய வீட்டில் ஓர் அறையை நாளுக்கு மும்முறை கழுவுதல் எளிய காரியமன்று. ஆகவே, அழுக்கானபின் கழுவுவதினும் அழுக்காகாமற் காப்பதே இவ்வூரார்க்கு இரட்டிப்பு இலாபமாம்.

நிற்க. நாயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நாய் இயற்கையிலேயே துப்புரவில்லாத பிராணி என்று கருதுவது தவறு. குட்டியாயிருக்கும்போதே, நடக்கத் தொடங்கிய சில வாரங்களில், தான் படுக்கும் இடத்தை விட்டு அப்பாற் சென்று சிறுநீர் கழிக்க அது கற்றுக்கொள்கின்றது. தன் படுக்கையைத் தான் கெடுக்கலாகாது என்னும் உணர்ச்சி அதனிடம் உண்டு. ஆயின், மனிதருடைய வீடு முழுவதும் தனக்குப் படுக்கை போன்றதே என்பதை அது அறியாது. கூடமும் சமையலறையும் அதற்கு ஓர் அந்நிய நிலப்பரப்பு. கற்பிக்கவேண்டியது இவ்வொன்றே.

மற்றோர் இயல்பும் அறியத்தக்கது. இளமையில் எத்தகைய தரையின்மீது மலசலங் கழித்துப் பழகிற்றோ, அத்தகைய தரையையே நாய் பிற்காலத்திலும் தேடும். ஓயாது கூண்டிலும் சிமெந்துத் தரையிலும் அடைத்து வளர்க்கப்பட்ட நாய், சிமெந்துத் தரையையே தேடி நிற்கும். அதனைப் பழக்குதல் சற்றுக் கடினம். தெருவில் வளர்ந்த நாயோ மண்ணிலும் மணலிலும் கழித்துப் பழகியது. கடலாடி வட்டாரத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை. எனவே, இங்குத் தெருநாயை எடுத்து வளர்ப்போர் பாதிக் காரியம் முடிந்ததென்றே கொள்ளலாம். அன்றியும், குட்டிக்கு இல்லாத ஓர் ஆற்றல் வளர்ந்த நாய்க்கு உண்டு. அது சிறுநீரைப் பல மணி நேரம் அடக்கவல்லது. ‘வயது சென்ற நாய் பழகாது’ என்னும் கூற்றில் உண்மையில்லை.

இனி, அடி ஏன் பயன்படுவதில்லை என்பதைப் பார்ப்போம். ஜீரண உறுப்புக்களின் தொழிலை ஆராய்ந்தமைக்காக 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ருஷிய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்குச் சற்று முன்னர் ஓர் ஓசையைத் தொடர்ந்து கேட்பித்து வந்தால், பின்னர் அவ்வோசை மாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் கண்டார். அடுத்தடுத்து நிகழும் இரண்டினை நாயின் மனம் ஒன்றாக முடிந்துகொள்ளும் என்பது இதனால் விளங்கும். அமெரிக்க அறிஞர் எட்வர்டு தார்ன்டைக், 1898-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சியில், பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து அவை வெளிவரும் விதத்தைக் கவனித்தார். எச்செயலை அடுத்து இன்பம் விளைகின்றதோ அச்செயலையே பிராணி மீண்டும் செய்ய முற்படும் என்பது அவர் கண்ட முடிவு. இவ்விரண்டிலும் ‘அடுத்து’ என்னும் சொல்லே முக்கியமானது. இடைவெளி நீண்டால் முடிச்சு விழுவதில்லை.

காலையில் நாய் கட்டிலடியிற் சிறுநீர் கழித்தது. வீட்டுக்காரர் ஒரு மணி நேரங் கழித்து அதனைக் கண்டு அடித்தார் என்று கொள்வோம். அடிக்கு முன்னதாக நிகழ்ந்தது யாது? வீட்டுக்காரர் வந்தார் என்பதே. ஆதலின் நாயின் மனத்தில் அடியோடு முடியப்படுவது அவருடைய வருகையேயன்றி ஈரத் தரையன்று. கழிக்கும்போதே கண்டு அடித்தால் மட்டும் நன்மை உண்டோ எனின், அதனால் விளையும் கேடு பின்னும் பெரிது. ‘இவர் பார்க்கும்படி கழித்தால் ஆபத்து’ என்பதையே நாய் கற்றுக்கொள்ளும். பின்னர் வெளியே அழைத்துச் சென்றாலும் அவர் அருகில் நிற்கும்வரை அது கழியாது. வீட்டுக்குத் திரும்பியதும் அலமாரிக்குப் பின்னோ மூட்டைகளின் இடுக்கிலோ புகுந்து கழித்துவிடும். இதனை நாயின் வஞ்சம் என்பர். அடித்தவர் கற்பித்த பாடத்தை அது பிழையறக் கற்றுக்கொண்டது என்பதே உண்மை. அதன் மூக்கை ஈரத்திலே தேய்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்த கொடுமையே. அதனால் நாய் ஒன்றும் கற்பதில்லை.

‘தான் செய்தது தவறென்று நாய்க்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்குமே’ என்று கூறுவோரும் உளர். இதனை அமெரிக்க அறிஞர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார். ஒரு தின்பண்டத்தைத் தின்னலாகாது என்று நாய்க்குக் கட்டளையிட்டு, அதனை வளர்ப்பவர் வெளியே செல்வார். சில வேளைகளில் நாய் அதனைத் தின்றது. சில வேளைகளில் தின்னவில்லை. திரும்பி வந்தவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் கூறப்பட்டன. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதெல்லாம், குற்றமற்ற நாயுங்கூட அந்தக் குற்றமுள்ள முகத்தையே காட்டிற்று. காது மடிதல், தலை தாழ்தல், வால் ஒடுங்குதல் ஆகிய இவை நம் சினத்தைக் கண்டு அஞ்சும் அச்சத்தின் குறிகளே என்பது இதனாற் பெறப்படும். 2020-இல் வெளியான போர்ச்சுக்கல் தேசத்து ஆராய்ச்சியொன்று, பழக்கும் பள்ளிகளில் பயின்ற 92 நாய்களைப் பரிசோதித்தது. கடிந்தும் துன்புறுத்தியும் பழக்கப்பட்டவற்றில் மனக்கலக்கத்தின் அடையாளங்கள் மிகுதியாகக் காணப்பட்டன; பரிசளித்துப் பழக்கப்பட்டவற்றில் அவை குறைவாயிருந்தன.

இனிச் செய்யவேண்டுவனவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, வைத்தியரிடம் காட்டுதல். அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடுதல், விடும்போது வருந்துதல், சிறுநீரில் இரத்தம் காணுதல், அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தல் ஆகியவை நோயின் அறிகுறிகள். சிறுநீர்ப்பை அழற்சி, நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியன உள்ள நாயை எவ்வளவு பழக்கினும் பயனில்லை, மருந்தே வேண்டும். கால்நடை மருத்துவமனைக்குச் செல்லும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்து, குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்தல் நலம். எலிக்காய்ச்சல் என்னும் நோய் நாயின் சிறுநீராலும் மனிதருக்குப் பரவக்கூடுமாதலால், துடைப்பவர் கையுறை அணிந்து, பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும்.

இரண்டாவது, இடம் குறித்தல். வீட்டு வாயிலுக்கு அணித்தாக, மணற்பாங்கான ஒரே இடத்தைத் தெரிந்துகொண்டு, எப்போதும் கழுத்துப்பட்டையும் வாரும் பூட்டி அவ்விடத்திற்கே அழைத்துச் செல்லவேண்டும். நண்பகலில் இப்பக்கத்து மணல் கால் பொறுக்கவொண்ணாதபடி சுடும். நாயின் உள்ளங்கால் வெந்துபோகும். ஆகவே வேம்பு முதலிய மரநிழலில் அமைந்த இடமே தக்கது. நாயின் சிறுநீர் படிந்த பழைய தாளொன்றை முதல் இரண்டொரு நாள் அவ்விடத்தில் இட்டுவைத்தால், அந்த மணமே அதற்கு வழிகாட்டும். மனிதர் மூக்கில் மணமறியும் அணுக்கள் 50 அல்லது 60 இலட்சம் இருக்க, நாயின் மூக்கில் அவை 20 கோடிக்குக் குறையா என்று மதிப்பிடுவர். சிமெந்துத் தரைக்குப் பழகிய நாயாயின், அத்தகைய தரையில் மணலைச் சிறிது பரப்பி, நாளுக்கு நாள் மணலை மிகுத்து, மெல்ல மண்ணுக்குக் கொணரலாம். முற்றமில்லாத வீட்டார் அகன்ற தட்டொன்றில் மணல் நிரப்பி மாடியிலோ தாழ்வாரத்திலோ வைக்கலாம்.

மூன்றாவது, காலம் குறித்தல். உறங்கி எழுந்தவுடனும், உண்ட பின் கால் மணி அரை மணிக்குள்ளும், விளையாடிய பின்பும், மிகுதியாக நீர் குடித்த பின்பும் நாய்க்குக் கழிக்கவேண்டிய உணர்ச்சி தோன்றும். வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கவல்லதாயினும், சிறிய நாயின் சிறுநீர்ப்பை சிறிது. புதிய இடத்தின் அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆதலால் முதல் இரண்டு வாரங்களில் பகற்பொழுதில் இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை வெளியே கொண்டுசெல்லுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, காலை 5.30-க்கு எழுந்தவுடன் ஒருமுறை. 7 மணிக்கு உணவளித்து 7.20-க்கு ஒருமுறை, பின்னர் 10 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணி ஆகிய வேளைகளில் ஒவ்வொரு முறை, 6.30-க்கு உணவளித்து 6.50-க்கு ஒருமுறை, படுக்கப்போகுமுன் 9.30-க்கு ஒருமுறை. சோற்றுத்தட்டை நாள் முழுதும் வைத்திராமல், குறித்த இரு வேளைகளில் உணவளித்து, உண்டபின் தட்டை எடுத்துவிட்டால், மலங்கழியும் வேளையும் ஒழுங்குபடும். ஆனால் தண்ணீரை மட்டும் ஒருபோதும் மறுக்கலாகாது. சிறுநீரைக் குறைக்கும்பொருட்டுத் தண்ணீரைக் குறைப்பது, இவ்வெயில் நாட்டில் நாயின் உயிருக்கே உலைவைப்பதாகும்.

நான்காவது, காத்திருத்தலும் பரிசளித்தலும். இதுவே இம்முறையின் உயிர்நிலை. குறித்த இடத்தை அடைந்ததும் பேசாமலும் விளையாடாமலும் ஐந்து முதல் பத்து நிமிஷம் நிற்கவேண்டும். நாய் கழிக்கத் தொடங்கும்போது, ‘ஆகட்டும்’ என்பது போன்ற ஒரு சொல்லை மெல்லக் கூறுக. நாளடைவில் அச்சொல்லே அதற்குக் கட்டளையாக அமையும். கழித்து முடிந்ததும், ஓரிரு விநாடிகளுக்குள், இன்சொற் கூறிக் கடலைப் பருப்பளவுள்ள தின்பண்டம் கொடுக்கவேண்டும். உப்பிடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் துண்டு கடற்கரையார்க்கு எளிதிற் கிடைப்பது. கருவாடு உப்பு மிகுந்ததாகையால் ஆகாது. பரிசை அவ்விடத்திலேயே கொடுத்தல் இன்றியமையாதது. வீட்டிற்குள் வந்தபின் கொடுத்தால், நாய் அதனை வீட்டிற்குள் வந்தமைக்குரிய பரிசாகவே கொள்ளும். கழித்தவுடன் இழுத்துக்கொண்டு திரும்பிவிடுதலும் கூடாது. கழித்தால் உலாவுதல் முடிந்துவிடும் என்று எண்ணி நாய் அடக்கிவைத்துக்கொள்ளும். கழித்தபின் சிறிது தூரம் உலாவ விடுக. ஒன்றும் கழியாவிடின், வீட்டிற்கு அழைத்துவந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் அருகிலேயே வைத்திருந்து, மீண்டும் கொண்டுசெல்க.

ஐந்தாவது, கண்காணித்தல். பழகாத நாயை வீடு முழுதும் உலவ விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை. நம் கண்ணெதிரில் இருக்கும்போது, வாரின் நுனியை நாம் அமர்ந்துள்ள நாற்காலியிற் கட்டிக்கொள்ளலாம். தரையை மோந்து திரிதல், ஓரிடத்தில் வட்டமிடுதல், கதவை நோக்கி நிலைகொள்ளாதிருத்தல் ஆகிய குறிகளைக் கண்டவுடன் எழுந்து வெளியே அழைத்துச் செல்லவேண்டும். கவனிக்க இயலாதபோது, நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடமுள்ள ஒரு பெட்டியிலோ சிறு அறையிலோ அதன் படுக்கையோடு இருத்தலாம். தன் படுக்கையைக் கெடாத இயல்பு அப்போது நமக்குத் துணைபுரியும். ஆனால் அவ்விடம் சிறைக்கூடமாகாது. உணவும் அன்பும் பெறும் இடமாக அதனை முன்னரே பழக்கவேண்டும். நெடுநேரம் அடைத்துவைத்தலும் தகாது. இரவில் அதனை நம் அருகே படுக்கவைத்தால், அது எழுந்து தவிப்பது நமக்குத் தெரியும். முதற்சில நாட்களில் நள்ளிரவில் ஒருமுறை எழவும் நேரலாம்.

ஆறாவது, பிழை நேர்ந்தவிடத்துச் செய்யவேண்டுவது. கழித்துக்கொண்டிருக்கும்போது கண்டால், கூச்சலிடாமல் ‘வா’ என்றழைத்து வெளியே கொண்டுசென்று, அங்கே முடித்தால் பரிசளிக்கவேண்டும். பின்னர்க் கண்டால் துடைப்பதொன்றே நமது கடமை. முதலில் பழந்துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, சோப்பு நீராற் கழுவி, பின்னர் என்சைம் கலந்த சலவைத் தூளின் கரைசலால் அவ்விடத்தை நனைத்துச் சிறிது நேரம் விட்டுத் துடைக்கவேண்டும். அஃது இல்லாவிடின் வினிகரை நீரிற் கலந்து பயன்படுத்தலாம். பினாயில் நம் மூக்கை ஏமாற்றுமேயன்றி நாயின் மூக்கை ஏமாற்றாது. காலிற் பட்டதை நாய் நக்கினால் தீங்கும் விளையும். அமோனியா கலந்த மருந்துகளோ சிறுநீரையொத்த மணமுடையனவாதலால், மீண்டும் அவ்விடத்திற்கே நாயை அழைக்கும். சாணமிட்டு மெழுகிய தரையாயின், நனைந்த மேல்மண்ணைச் சுரண்டியெடுத்துவிட்டு மீண்டும் மெழுகுதல் வேண்டும். பாயையும் துணியையும் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துக.

ஏழாவது, ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல். உண்ட வேளை, கழித்த வேளை, பிழை நேர்ந்த வேளையும் இடமும் ஆகியவற்றை ஒரு வாரம் எழுதிவந்தால், எந்நேரத்தில் நாம் தாமதித்தோம் என்பது உள்ளங்கை நெல்லிக்கனியென விளங்கும். பிழைகள் பெரும்பாலும் ஒரே வேளையில் நேர்வதைக் காணலாம். அவ்வேளைக்கு அரை மணி முன்னர் நாயை வெளியே கொண்டுசென்றால் காரியம் முடிந்தது.

இவ்வளவு செய்தும் சில நாய்களிடம் சில தடைகள் தோன்றும். அடியுண்டு வளர்ந்த நாய், மனிதர் தன்மேற் குனிந்தவுடன் ஒடுங்கிப் படுத்துச் சில துளி சிறுநீர் விடும். இது பழக்கக் குறைவன்று. ‘நான் எதிர்ப்பவனல்லேன்’ என்று அது தன் மொழியிற் கூறும் வேண்டுகோள். கடிந்தால் மிகும். நேரே நோக்காமல், பக்கவாட்டிற் குந்தி, தாழ்ந்த குரலிற் பேசி, அது தானே அருகில் வரும்வரை காத்திருப்பின் சில வாரங்களிற் குறையும். ஆண் நாய் சுவரிலும் தூணிலும் காலைத் தூக்கிச் சிறிதளவு விடுவது, தன் எல்லையைக் குறிக்கும் செயல். கருத்தடை அறுவை பல நாய்களிடம் இதனைக் குறைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே இறங்க மறுக்கும் நாய்க்குக் கூரையின்கீழ் மணல் தட்டு வைக்கலாம். தீபாவளி வெடியோசைக்கு அஞ்சும் நாயை வெடி தொடங்குமுன்னரே வெளியே கொண்டுசென்று திரும்பிவிடவேண்டும்.

வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளுதலும் வேண்டும். ஒருவர் பரிசளிக்க, மற்றொருவர் விளக்குமாற்றை ஓங்குவராயின், பத்து நாள் உழைப்பு ஒரு நொடியிற் பாழாகும். ஒழுங்காகச் செய்துவந்தால் வளர்ந்த நாய்கள் பல சில வாரங்களிலேயே பழகிவிடும். மிக அஞ்சியவற்றுக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். நான்கு வாரம் பிழையின்றிக் கழிந்தால், வீட்டில் மற்றோர் அறையைத் திறந்துவிடலாம்; பிழை நேரின் மீண்டும் ஒரு படி பின்செல்க.

இவ்விஷயத்திற் சட்டமும் நம்மை நோக்கி ஒரு சொற் கூறுகின்றது. பரதக்கலையால் புகழ்பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார், 1953-ஆம் ஆண்டு இராஜ்ய சபையில் பிராணிகளைக் காக்கும் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் விளைவாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடித்தலும் உதைத்தலும் மாத்திரமன்றி, பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும்படி பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலும் அச்சட்டத்திற் குற்றமாக வகுக்கப்பட்டது. முதற் குற்றத்திற்கு அன்று விதிக்கப்பட்ட அபராதம் ஐம்பது ரூபாய் வரையேயாகும். அத்தொகை எவரையும் அச்சுறுத்தாது. ஆகவே, கோலை எடுக்கும் கையையும், கதவைத் திறந்து துரத்தும் கையையும் தடுக்கவல்லது நம் அறிவேயன்றிப் பிறிதில்லை.

முடிவாக ஒன்று கூறுவோம். நாய் கற்கவேண்டியது ‘இடம்’ என்னும் ஒரே பாடம். அதனை வளர்ப்போர் கற்கவேண்டியவை காலந்தவறாமை, கண்காணிப்பு, கையடக்கம் ஆகிய மூன்று. நம் பாடங்களை நாம் செவ்வனே கற்போமாயின், அது தன் பாடத்தைத் தானே கற்றுக்கொள்ளும். குளிப்பாட்டி நடுவீட்டில் வைக்கப்பட்ட நாயும் அவ்வீட்டிலேயே தங்கிவிடும்.